காயமில்லாத கை

முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டார். திறந்தும் விட்டார். ஆனால் அதிலிருந்து எதை எடுப்பது என்று நம்பிராஜனுக்குத் தெரியவில்லை.

பதினேழாம் நாற்காலியில் பியூலா வலது கையைத் தூக்கிப் பிடித்தபடி அலறிக்கொண்டிருந்தாள். கையில் ரத்தம் இல்லை. வீக்கம் இல்லை. ஒரு சிராய்ப்புகூட இல்லை. நாற்காலியின் சிவப்புப் பொத்தானை அவரே ஓங்கி அடித்து இணைப்பைத் துண்டித்திருந்தார். கையுறையையும் உருவி எடுத்தாயிற்று. அப்படியும் அலறல் நிற்கவில்லை.

"தூக்குங்க சார்... அந்தத் தகடத் தூக்குங்க! நசுங்குது சார்!"

"பியூலா, இங்க பாரும்மா. ஒன் கை இங்கதான் இருக்கு. ஒண்ணும் ஆகல."

தூக்க வேண்டிய தகடு தூத்துக்குடியிலேயே இல்லை. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால், வடகடல் துறைமுகம் ஒன்றில் நின்றிருந்த எண்ணெய்க் கப்பலின் அடித்தொட்டியில் அது விழுந்து கிடந்தது. அதன் கீழே சிக்கியிருந்தது ஓர் இரும்புக் கை. அந்தக் கையைத்தான் பியூலா காலை ஒன்பது மணியிலிருந்து இந்தக் குளிரூட்டிய கூடத்தில் உட்கார்ந்தபடி இயக்கிக்கொண்டிருந்தாள்.

நாற்பது நிமிடம் துடித்தாள். மற்ற நாற்காலிக்காரர்கள் எல்லாரும் கையுறையைக் கழற்றிவிட்டு, சுவரோரமாக ஒண்டி நின்று பார்த்தார்கள். ஆம்புலன்சில் ஏற்றும்போது அவள் சட்டென்று அடங்கினாள்.

"வலி நின்னுட்டாம்மா?"

"நின்னுட்டு சார்."

இடது கையால் வலது கையைத் தொட்டாள். கிள்ளினாள். பிறகு நகம் பதிய இன்னொரு முறை கிள்ளினாள். முகத்தில் இருந்த கொஞ்ச நஞ்ச ரத்தமும் வடிந்துபோனது.

"சார், கையவே காணல சார்" என்றாள்.

நம்பிராஜன் நெய்தல் தொலைப்பணி நிறுவனத்தில் எட்டு வருடமாகப் பாதுகாப்பு அதிகாரி. அதற்கு முன்னால் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் இருந்தார். அங்கே, எண்ணெய்த் தொட்டியைக் கழுவ இறங்கி விஷவாயுவில் சரிந்த இரண்டு பேரை அவர்தான் கயிறு கட்டி வெளியே இழுத்தார். ஒருவன் கண் திறந்தபடியே செத்திருந்தான். அதனால், தொட்டிக்குள் இனி மனிதர் இறங்க வேண்டாம், இரும்புக் கை இறங்கட்டும், அதை இயக்குகிறவர் ஊரில் பத்திரமாக உட்கார்ந்திருக்கட்டும் என்று இந்த நிறுவனம் வந்தபோது, கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். சம்பளத்துக்காக மட்டும் வரவில்லை. இது நல்ல காரியம் என்று நம்பி வந்தார்.

ஆஸ்பத்திரியில் நரம்பியல் டாக்டர் இளம்பெண். அவருக்கு இந்த வேலையே புதிதாக இருந்தது.

"அந்தக் கையுறையப் போட்டா, அங்க தொடுறது இங்க தெரியுமா?"

"தெரியணும் டாக்டர். தெரியலன்னா வேலையே பாக்க முடியாது. தொட்டிக்குள்ள கும்மிருட்டு. எது துரு, எது சேறு, எது விரிசல்னு வெரல்தான் சொல்லணும்."

"அப்ப அங்க அடிபட்டா?"

"அதுக்குத்தான் லெவல் வச்சிருக்கு. ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும். சட்டப்படி நாலுக்கு மேல போகக் கூடாது. நாலுல இருந்தா, அவ்வளவு பெரிய தகடு விழுந்தாலும் ஸ்கேலால அடிச்ச மாதிரி சுள்ளுன்னு இருக்கும். அவ்வளவுதான். அதுக்கு மேல தாக்கம் வந்தா மெஷினே தானா துண்டிச்சிடும்."

"இன்னிக்கு எத்தனையில இருந்துச்சு?"

நம்பிராஜன் தன் வலது உள்ளங்கையை இடது கட்டைவிரலால் தேய்த்தார்.

"பாத்துதான் சொல்லணும் டாக்டர்" என்றார்.

பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அவருக்குத் தெரியும். ஏழு.

மூன்று மாதத்துக்கு முன்னால் மேலாளர் கிருபாகரன் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். சென்னைக்காரர்; யாரிடமும் குரலை உயர்த்தாதவர். "நம்பி சார், நாலுல வச்சா இவங்க தடவித் தடவிப் பாக்கிறாங்க. ஏழுல வச்சுப் பாத்தோம், அதே வேலை பாதி நேரத்துல முடியுது. கப்பல் ஒரு நாள் கூடுதலா நின்னா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். சோதனை முறையிலதான். மூணே மாசம்."

"ஏழுல வச்சா சின்னச் சின்ன இடிக்கெல்லாம் மெஷின் துண்டிச்சிக்கிட்டே இருக்கும் சார்."

"அதையும் ஆஃப் பண்ணித்தான் ஆகணும்."

நம்பிராஜன் அன்றைக்கு மறுத்துத்தான் பேசினார். பத்து நிமிடம் பேசியிருப்பார். சட்டம் என்ன சொல்கிறது, தொழிலாளியின் உடம்புக்கு முதலாளி என்ன பொறுப்பு என்றெல்லாம் சொன்னார். கிருபாகரன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தினார். 'சோதனை முறையில்' என்ற வார்த்தையை மட்டும் பெரிதாக எழுதச் சொல்லி நம்பிராஜன் கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு வார்த்தை தன்னைக் காப்பாற்றிவிடும் என்று அன்றைக்கு நினைத்தார்.

விபத்து நடந்த ஐந்தாம் நாள் டாக்டர் அறிக்கை கொடுத்தார். "நரம்பு நல்லா இருக்கு. ஊசி குத்தினா சேதி மூளை வரைக்கும் போகுது. மூளைதான் வாங்கிக்க மாட்டேங்குது. அந்தக் கை நசுங்கிப் போச்சு, இனி இல்லைன்னு அது முடிவு பண்ணிடுச்சு. 'கையில் காயம் எதுவும் இல்லை'ன்னுதான் நான் எழுத முடியும். அது உண்மைதான். முழு உண்மை இல்ல. ஆனா முழு உண்மைக்கு இந்தப் படிவத்துல இடமில்ல."

கிருபாகரனுக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. விபத்துப் படிவத்தை அவர் சொல்லச் சொல்ல நம்பிராஜன் நிரப்பினார். காயமடைந்தவர்: இல்லை. சேதம்: இயந்திரக் கை ஒன்று. அதே கையோடு, இரும்புக் கைக்கான காப்பீட்டு மனுவையும் நம்பிராஜனே தயாரித்து வெளிநாட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பினார். ஒன்பதே நாளில் முழுத்தொகையும் வந்துவிட்டது. புதுக் கை கப்பலில் ஏறியது. பதினேழாம் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்தாள். கூடம் முழுக்க லெவலைச் சத்தமில்லாமல் நாலுக்கு இறக்கினார்கள்.

பியூலாவுக்கு ஒரு கடிதம் போனது. உடல்தகுதியோடு இருந்தும் பணிக்கு வராததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள்.

நம்பிராஜனால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவார். ஆபீசில் நாற்காலி நாற்காலியாகப் போய், லெவல் நாலில்தான் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பார். வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் கடற்கரைச் சாலையில் ஸ்கூட்டரை விட்டுவிட்டு நடப்பார். வலது உள்ளங்கை அரித்துக்கொண்டே இருந்தது. அரிப்பு தோலில் இல்லை என்று அவருக்கே தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்தையாபுரத்தில் பியூலாவின் வீட்டைத் தேடிப் போனார். அவள் புருஷன் செல்வின் உப்பு மூட்டை போடும் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். வாசலிலேயே நின்று, "என்ன சார், கம்பெனி அனுப்பிச்சா?" என்றான்.

"இல்லப்பா. நானாத்தான் வந்தேன்."

உள்ளே பியூலா இடது கையால் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வலது கையில் கட்டுப் போட்டிருந்தது.

"என்னாச்சும்மா கையில?"

"தோசக்கல்லு சார். பிடிச்சது தெரியல. தோல் கருகுற வாட வந்த பெறவுதான் திரும்பிப் பாத்தேன்." அதைச் சாதாரணமாகச் சொன்னாள். "ராத்திரி தூங்கையில எங்க கெடக்குன்னு தெரியாது. காலைல எந்திச்சுத் தேடுவேன். ஒடம்புக்கு அடியில கெடக்கும், யார் கையோ மாதிரி."

செல்வின் சொன்னான்: "அக்கம்பக்கத்துல என்ன பேசுதாங்க தெரியுமா சார்? கை கல்லு மாதிரி முழுசா இருக்கு, பெறவு என்ன நடிப்புன்னு கேக்காங்க. எங்கம்மையே கேட்டுட்டா."

"இவரும் ஒருநா கேட்டாரு" என்றாள் பியூலா. செல்வின் தலையைக் குனிந்துகொண்டான். "அந்தத் தகடு என் கைமேலயே விழுந்திருக்கலாம் சார். கை போயிருந்தா எல்லாரும் நம்பியிருப்பாங்க."

அவர்களின் பத்து வயது மகள் நேசா, தேநீர் டம்ளரை நம்பிராஜன் முன்னால் வைத்துவிட்டு அம்மாவின் இடப்பக்கமாகப் போய் ஒட்டி உட்கார்ந்தாள். வலப்பக்கம் இடம் காலியாகத்தான் இருந்தது.

"வக்கீலப் பாத்தீங்களா?"

"காயல்பட்டணத்து வக்கீல், மகுதூம்னு. பாத்தோம். கேஸ் போட்டாச்சு. அவரு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. அன்னிக்கு லெவல் எத்தனையில இருந்துச்சுன்னு." அவள் வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்களுக்கு எங்க சார் தெரியும்? எங்க நாற்காலியில லெவலக் காட்டுற எடமே கெடையாதே. நீங்கதான வைப்பீங்க."

தேநீரைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டார்.

விசாரணைக்கு முந்தின நாள் கிருபாகரன் அவரை அறைக்குக் கூப்பிட்டார். கம்பெனித் தரப்புச் சாட்சி நம்பிராஜன்தான்.

"கேட்டா நாலுன்னு சொல்லுங்க. நம்ம சர்வர்லயும் நாலுன்னுதான் இருக்கு."

"எப்படி சார் இருக்கும்?"

"இருக்கு." கிருபாகரன் அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னார். "நம்பி சார், உங்க பையனுக்கு காலேஜ்ல கடைசி வருஷம் இது. அதுவும் இல்லாம, ஏழுன்னு நீங்க சொன்னா முதல்ல மாட்டுறது யாரு? அந்தக் காகிதத்துல என் கையெழுத்து இல்லை."

அவர் மிரட்டவில்லை. மழை வரும்போல இருக்கிறது, குடை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதைப்போலச் சொன்னார்.

இழப்பீட்டு ஆணையரின் விசாரணை அறை சின்னது. நாலைந்து மேசை, ஒரு ஜன்னல், சுவர் நெடுகக் கட்டுக் கட்டாகக் கோப்புகள். ஆணையர் தேன்மொழி ஐம்பதைத் தாண்டியவர். எல்லாரையும் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினார்.

கம்பெனி வக்கீல் விளக்கமாகப் பேசினார். "மனுதாரருக்குக் காயமில்லை என்று அரசு மருத்துவக் குழுவே சொல்லியிருக்கிறது. கையுறையை மாட்டிப் பார்த்தும் சோதித்தார்கள். இயந்திரத்தில் எந்தக் கோளாறும் இல்லை. விபத்து நடந்தது வெளிநாட்டுக் கப்பலில். மனுதாரர் அப்போது தூத்துக்குடியில் ஒரு மெத்தை நாற்காலியில் இருந்தார். நடந்த இடத்தில் அவர் இல்லை. அவர் இருந்த இடத்தில் எதுவும் நடக்கவில்லை."

ஆணையர் பேனாவை மூடினார். "கப்பல்ல அலறினது யாரு?"

"புரியலைங்க மேடம்."

"கப்பல்ல அலறல் சத்தம் கேட்டுதா? இல்ல, தூத்துக்குடியிலயா?"

வக்கீல் அடுத்த காகிதத்தை எடுத்தார். அதன்பிறகு நம்பிராஜனைக் கூப்பிட்டார்கள்.

பெயர், வயது, வேலை எல்லாம் சொன்னார். வக்கீல், "விபத்து நடந்த நேரத்தில் உணர்வு அளவு எவ்வளவு?" என்று கேட்டார். எதிரே பியூலா உட்கார்ந்திருந்தாள். வலது கையைக் கைக்குட்டைபோல மடியில் போட்டிருந்தாள்.

நம்பிராஜன் நாலு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதை அவர் பின்னால் யாரிடமும் மறைக்கவில்லை. நாக்கில் நாலுதான் இருந்தது. ஆனால் வந்த வார்த்தை வேறு.

"ஏழு."

கிருபாகரன் அசையவில்லை. வக்கீல் சிரித்தார். "சாட்சி குழம்பியிருக்கிறார். நிறுவனத்தின் பதிவேடு நாலு என்கிறது."

"நான் குழம்பல மேடம். ஏழுல வச்சது நான். தானா துண்டிக்கிற அமைப்ப நிறுத்தினதும் நான்தான். காகிதத்துல கையெழுத்து என்னுது. நான் ஓடிவந்து சிவப்புப் பொத்தான அடிக்க பதினோரு செகண்ட் ஆச்சு. அந்தப் பதினோரு செகண்டும் இந்தம்மா கை அந்தத் தகட்டுக்கு அடியிலதான் இருந்துச்சு." தன் வலது கையை நீட்டினார். "நம்பலன்னா ஒரு கையுறையக் கொண்டாரச் சொல்லுங்க. ஏழுல வச்சு எனக்கு மாட்டுங்க. அதே தகடப் போடச் சொல்லுங்க. நீங்களே பாருங்க."

"உக்காருங்க" என்றார் ஆணையர். "ஒரு காயத்த நிரூபிக்க இன்னொரு காயத்த நான் இங்க அனுமதிக்க முடியாது. வேற ஆதாரம் இருக்கா? அந்தக் காகிதம்?"

"காகிதம் இப்ப இருக்காது மேடம்."

"அப்ப உங்க வார்த்தைக்கு எதிரா அவங்க பதிவேடு. அவ்வளவுதான?"

நம்பிராஜன் உட்கார்ந்தார். உடனே எழுந்தார். அவர் எதையோ தேடுவதைப் பார்த்து மகுதூம் வக்கீலும் எழுந்து நின்றார்.

"மேடம், இரும்புக் கைக்கு இன்சூரன்ஸ் வாங்கியிருக்காங்க. அந்த மனுவ நான்தான் தயார் பண்ணினேன். அதோட, அந்தக் கையோட சொந்தப் பதிவும் போகணும். அது கைக்குள்ளயே இருக்கறது. கப்பல்ல இருந்து நேரா இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போயிரும். நம்ம சர்வருக்கே வராது. அதுல எல்லாம் இருக்கும். எந்த நிமிஷம், எவ்வளவு எடை, லெவல் எத்தனை, எல்லாம்."

கிருபாகரன் முதல்முறையாக நம்பிராஜனைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கணக்கில் ஒரு வரியை விட்டுவிட்டவனின் பார்வை.

பதிவை வரவழைக்கப் பத்து நாள் பிடித்தது. அதை ஆணையர் தானே வாசித்தார். விழுந்த தகட்டின் எடை. அழுத்தம் நீடித்த நேரம், பதினோரு விநாடி. தாக்கத்தின்போது உணர்வு அளவு, ஏழு. தானியங்கித் துண்டிப்பு, அணைக்கப்பட்டிருந்தது.

"இரும்புக் கை பட்ட அடிக்கு ஒன்பது நாள்ல ஈடு வாங்கியிருக்கீங்க" என்றார் கம்பெனி வக்கீலிடம். "அதே அடி பட்டவங்க எட்டு மாசமா இங்க நடக்குறாங்க."

தீர்ப்பு பியூலாவின் பக்கம் வந்தது. மணிக்கட்டுக்குக் கீழே கையை முழுதாக இழந்ததற்கு உரிய இழப்பீடு. அதோடு மாதாமாதம் ஒரு தொகை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவள் மருத்துவக் குழு முன்னால் போய் நிற்க வேண்டும். உணர்வு திரும்பினால் மாதத்தொகை நின்றுவிடும். விதியை மீறிக் கையெழுத்திட்டதற்காக நம்பிராஜனின் பாதுகாப்பு அதிகாரி உரிமத்தை இரண்டு வருடம் நிறுத்தி வைத்தார்கள். கம்பெனி மறுநாளே அவரை வேலையிலிருந்து எடுத்தது. கிருபாகரன் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார், பதவி உயர்வோடு.

வீட்டில் நம்பிராஜனின் மனைவி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "மொதல்லயே சொல்லியிருக்கலாமுல்லா?" என்று மட்டும் கேட்டாள். எதை என்று அவள் விளக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழுதுக் கடையில் வேலை கிடைத்தது. வாயுமானி, எச்சரிக்கை மணி, பம்ப் எல்லாம் சரிபார்க்கும் வேலை. நெய்தல் கம்பெனி பழைய பயிற்சிக் கருவிகளைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டபோது, அதிலிருந்து உதிரிகளும் இந்தக் கடைக்கு வந்தன. அதை அவர் யாரிடமோ சொல்லியிருக்க வேண்டும். ஒருநாள் மதியம் பியூலா கடைக்கே வந்து நின்றாள்.

"சார், பயிற்சிக்கு வைப்பாங்கல்லா, மேசைமேல வைக்கிற சின்னக் கை. அது ஒண்ணு இருக்காமே."

"இருக்கு. எதுக்கும்மா?"

அவள் கடைக்காரர் உள்ளே போகும்வரை காத்திருந்தாள்.

"மெடிக்கல் போர்டுல கையுறைய மாட்டிப் பாத்தாங்கல்லா சார். ஊசி குத்துனாங்க, ஐஸ் வச்சாங்க, தெரியுதா தெரியுதான்னு கேட்டாங்க. ஒண்ணும் தெரியல. அதத்தான் சொன்னேன். கடைசியா மெஷின் நல்லாருக்கான்னு பாக்க, எதுத்தாப்ல இருந்த இரும்புக் கையால ஒரு பஞ்ச எடுக்கச் சொன்னாங்க." நிறுத்தினாள். "தெரிஞ்சுது சார்."

"என்ன தெரிஞ்சுது?"

"பஞ்சு."

நம்பிராஜன் கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

"அப்ப நீ சொல்லலையா?"

"ஒங்க கையில தெரியுதான்னுதான் கேட்டாங்க. என் கையில தெரியலையே சார். அது அந்தக் கையிலதான தெரிஞ்சுது." அவள் கண் நிறைந்துவிட்டது. "பொய் சொல்லல சார் நான். ஆனா நெஞ்சு அடங்க மாட்டேங்கு. வீட்டுல ஒரு எடத்துல உக்கார முடியல. யாருட்ட சொல்ல? அவருட்ட சொன்னா பயந்துருவாரு. வக்கீலுட்ட சொன்னா கேஸ் போயிரும். நீங்கதான் இருக்கீங்க."

அவள் சொன்னதன் அர்த்தம் மெல்ல மெல்லத்தான் அவருக்கு எட்டியது. நசுங்கியது எந்தக் கையோ அதுதான் தன் கை என்று அவள் மூளை முடிவுகட்டிவிட்டது. சதையும் எலும்புமான கையை அது கழற்றிப் போட்டுவிட்டது. இனி அவளுக்குக் கை வேண்டுமென்றால் அந்தக் கையுறைக்குள்தான்.

இது வெளியே தெரிந்தால் கம்பெனி என்ன சொல்லும் என்றும் அவருக்குத் தெரியும். உணர்வு திரும்பிவிட்டது என்பார்கள். வேண்டுமானால் மறுபடியும் அந்த நாற்காலியில் வந்து உட்காரட்டும் என்பார்கள். அவளும் போய் உட்கார்ந்துவிடுவாள். அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"அடுத்த போர்டு எப்ப?"

"மார்கழியில."

ஒருமுறை உண்மையைச் சொல்லிவிட்டால் அதற்கப்புறம் மனசு லேசாகிவிடும் என்று அந்த விசாரணை அறையில் அவர் நினைத்திருந்தார். இப்போது இன்னோர் உண்மை வந்து வாசலில் நிற்கிறது. இதை யாரிடம் சொல்ல வேண்டும், யாரிடம் சொல்லக் கூடாது என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் அவர் படித்ததில்லை.

"ஞாயித்துக்கெழம கொண்டுவாரேன்" என்றார்.

அந்தக் கருவியைச் சனிக்கிழமை முழுக்கத் துடைத்து, எண்ணெய் போட்டு, கம்பிகளை மாற்றினார். தானாகத் துண்டிக்கும் அமைப்பை மூன்று முறை சோதித்தார். ஞாயிறு காலை முத்தையாபுரத்து வீட்டின் சமையலறையில், சுவரோரமாக இருந்த சின்ன மேசைமேல் அதை வைத்தார். வேறு இடத்தில் மின்சாரம் எட்டவில்லை. ஐந்து விரலும் முழங்கை வரைக்குமான இரும்பும் கொண்ட கை அது, பழசு, இரண்டு விரலில் ரப்பர் தேய்ந்திருந்தது. செல்வின் கோயிலுக்குப் போயிருந்தான். நேசா மட்டும் இருந்தாள்.

பியூலா கையுறையை மாட்டிக்கொண்டாள். எதிரே இரும்பு விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி விரிந்தன. நம்பிராஜன் திருகைத் திருப்பி லெவலை ஒன்றில் வைத்தார். பிறகு இரண்டு.

"நேசா, இங்கன வா. மேசப் பக்கத்துல உக்காரு."

பிள்ளை தயங்கியது. பிறகு வந்து, இரும்புக் கைக்கு முதுகு காட்டி ஸ்டூலில் உட்கார்ந்தது. தோளைக் குறுக்கிக்கொண்டது. இரும்பு விரல்கள் மெல்ல எழுந்து, நடுங்கி, தலையில் இறங்கின.

"தெரியுதா?" என்றார் நம்பிராஜன்.

"துணி மாதிரி இருக்கு."

மூன்றில் வைத்தார். பிறகு நாலு.

"முடிதான். முடின்னு தெரியுது." அவள் மூச்சு வேகமானது. "இன்னும் கொஞ்சம் கூட்டுங்க சார்."

"நாலுக்கு மேல வேண்டாம் பியூலா." திருகிலிருந்து கையை எடுத்துவிட்டார். "நான் வைக்க மாட்டேன்."

"இங்க என்ன சார் விழப்போவுது?"

அவர் பதில் சொல்லுமுன் அவளே இடது கையை நீட்டித் திருகைப் பிடித்தாள். ஐந்து. ஆறு. தடுத்திருக்கலாம், அவர் கை பாதி வழி போய் நின்றுவிட்டது. இரும்பு விரல்கள் இப்போது நடுங்கவில்லை. உச்சியிலிருந்து பிடரி வரைக்கும் வகிடு பிடித்ததுபோல மெதுவாக இறங்கின. காதோரத்தில் நின்று, பிரிந்த முடிக் கற்றையை ஒதுக்கின.

"ஏட்டி" என்றாள் பியூலா. "தலைக்கு எண்ண வச்சு எத்தன நாளாச்சு?"

குறுகியிருந்த நேசாவின் தோள் தளர்ந்தது. பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு தலையைப் பின்னால் சாய்த்து அந்த இரும்பு உள்ளங்கையில் வைத்தது.

நம்பிராஜன் அண்ணாந்து பார்த்தார். மேசைக்கு நேர்மேலே சுவரில் ஒரு பலகைத் தட்டு. அதில் குக்கர், இட்லிக் கொப்பரை, இரும்பு வாணலி, ஊறுகாய் ஜாடி. அவர் சத்தமில்லாமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். முதலில் வாணலியை எடுத்துத் தரையில் வைத்தார். பிறகு குக்கர். பிறகு மற்றவற்றை, ஒவ்வொன்றாக.